தாயின் இடது கணைக்கால்

அனுப்புநர்:
பாஸ்குவால் தைமாங்லோ,
கோயில்பிள்ளை,
சாகுவா குடியிருப்பு (முன்பு ஆச்சோ மேட்டூர்),
குவாஹான் தீவு.

பெறுநர்:
மாண்பமை கோட்டைத் தலைவர் அவர்கள்,
கீழைக்கரைக் கோட்டை,
குவாஹான் தீவு.

பொருள்: எங்கள் தாயின் இடது கணைக்கால் எலும்பு இருக்கும் இடத்தைத் தெரிவித்தல், அதன்பொருட்டுக் காவலில் உள்ள என் தமக்கையை விடுவிக்க வேண்டுதல்.

பார்வை: (அ) வீடுகளில் உள்ள முன்னோர் எலும்புகளை எல்லாம் ஒப்படைக்கும்படி ஆகஸ்டு மாதம் மணியடித்து வாசிக்கப்பட்ட தங்கள் உத்தரவு. (ஆ) என் தமக்கையைக் காவலில் வைத்த தங்கள் உத்தரவு. இதன் நகல் எங்களுக்குத் தரப்படவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி குடியிருப்பில் கோயில்பிள்ளையாக இருக்கிறேன். மணியடிப்பது, விளக்கேற்றுவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது, குழி தோண்டுவது ஆகியவை என் வேலைகள். எழுதப் படிக்க அன்செல்மோ சாமியார் கற்றுக்கொடுத்தார். இந்த மனுவை நானே எழுதுகிறேன். இதில் பிழை இருந்தால் அது என்னைச் சேரும், சாமியாரைக் குறை சொல்ல வேண்டாம்.

2. காவலில் இருப்பவர் உர்சுலா நாபுத்தி, என் உடன்பிறந்த அக்கா. எங்கள் சனத்தில் வீடும் நிலமும் பெண்வழியில் போகும், வீட்டுக்குத் தலை மூத்த பெண். ஆகவே எங்கள் வீட்டு எலும்புகளும் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு எலும்பு குறைந்ததற்காக அவர் நாற்பத்தொரு நாட்களாகக் கோட்டைக் கிட்டங்கியில் அடைக்கப்பட்டிருக்கிறார். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் புறப்படும் மணிலாக் கப்பலில் அவரை ஏற்றப் போவதாகக் காவலர்கள் சொல்கிறார்கள். இன்றிலிருந்து எட்டு நாட்கள் இருக்கின்றன. அந்தக் கப்பலில் போன எங்கள் ஆட்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

3. தங்கள் உத்தரவை நாங்கள் மீறவில்லை. வாசிக்கப்பட்ட மூன்றாம் நாளே சாமியாரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு ஆச்சோ மேட்டுக்கு ஏறினேன். எங்கள் வீடு எரிந்து போயிற்று, அதைத் தாங்கிய கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன. தூண்களுக்கு நடுவே அம்மாவைத் தோண்டி எடுத்தேன். ஓடையில் கழுவினேன். தேங்காயெண்ணெய் தடவிப் புதுப் பாயில் சுற்றிக் கீழே கொண்டுவந்தேன். வழியில் எங்கும் இறக்கி வைக்கவில்லை.

4. செப்டம்பர் நடுவில் எங்கள் முறை வந்தது. கோயில் படியில் பாயை விரித்து, கோட்டை நாவித வைத்தியர் காஸ்பர் அவர்கள் ஒவ்வோர் எலும்பாக எடுத்துப் பார்த்தார். முதலில் தலை எங்கே என்றார். கடலில் என்றேன். அது பழைய அறிக்கையில் இருக்கிறது என்று எழுத்தர் சொல்லவும் அதை விட்டுவிட்டார். பிறகு இடது கணைக்காலுக்கு வந்தார். அதில் மேல் குமிழும் கீழ்க் குமிழும் இருந்தன, நடுத்தண்டு இல்லை. அவர் சாமியாரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சாமி, இது எலி தின்னதும் இல்ல, மண்ணு தின்னதும் இல்ல. அறுத்து எடுத்திருக்காங்க. இது ஈட்டிக்குப் போன எலும்பு.” அவர் சொன்னது சரி.

5. எங்கே அந்த ஈட்டி என்று அக்காவைக் கேட்டார்கள். அக்கா, “எனக்குத் தெரியும். ஆனா ஒங்ககிட்டச் சொல்லணும்னு எனக்கு இல்ல” என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். அன்றே கொண்டுபோனார்கள்.

6. எங்கள் குடியிருப்பில் இப்படிக் குறைந்த எலும்புகள் வேறு வீடுகளிலும் உண்டு. அவர்கள் பன்றிக்கால் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர்களில் ஒருவர் என்னிடம், “அட கூறுகெட்டவனே, ஒரு பன்னிக்காலை வச்சுச் சுருட்டியிருந்தா ஒங்கக்கா இன்னிக்கு வீட்டுல கெழங்கு அவிச்சுக்கிட்டு இருப்பா. நேர்மையாம் நேர்மை, அதை உப்புல போட்டுத் திங்க முடியுமா?” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் அம்மாவோடு பன்றியைச் சேர்த்துக் கட்ட எனக்குக் கை வரவில்லை. பன்றி தங்கள் கப்பலில் வந்தது. அம்மா இறக்கும்வரை அதைச் சாப்பிட்டதில்லை.

7. அந்த எலும்பு எடுக்கப்பட்டது அம்மாவின் சம்மதத்தோடு. அவர் படுக்கையில் விழுந்தபோது தங்கள் ஆட்கள் கீழே மணிக்கம்பம் நட்டு, மணியோசை எட்டும் தூரத்துக்குள் எல்லாரும் குடிவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முன்பே இறங்கிப் போனவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் செத்திருந்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு, “எடதுகால் எலும்பை எடுத்துக்கடா. நாலு புள்ளையையும் இடுப்புல வச்சுக்கிட்டு இந்த மேடு ஏறி எறங்குன கால் அது. சும்மா மண்ணுக்குள்ள கெடந்து என்ன செய்யப் போகுது? வாசல்ல நிக்கட்டும்” என்றார். எங்களில் இது வழக்கம். இறந்தவர் சும்மா இருப்பதில்லை, வீட்டைக் காப்பார். அவர் இறந்த பிறகு அக்காவே அறுத்துக் கொடுத்தார், நான் செதுக்கினேன். நுனி கூராக, ஓரத்தில் பின்னோக்கிய முட்கள் வைத்து, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. செதுக்கிய தூளைச் சேர்த்துத் தூணடியில் போட்டோம்.

8. இனி எழுதப் போவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தங்களுக்கு முன்பிருந்த தலைவர் காலம். ஆச்சோவில் இருந்த நாங்கள் இறங்கி வரமாட்டோம் என்றோம். நான்கு மாதம் வரச் சொன்னார்கள், நான்கு மாதமும் வரமாட்டோம் என்றோம். கிழங்குத் தோட்டங்களை எரித்தார்கள். படகுகளை உடைத்தார்கள். நாங்கள் பாதையை மறித்துக் கல் அடுக்கினோம். கவண் கல்லால் அவர்களில் சிலரை அடித்தோம், துப்பாக்கியால் எங்களில் ஒன்பது பேரைச் சுட்டார்கள். பிறகு ஒரு காலையில் முப்பது பேர் மேலே ஏறி வந்தார்கள்.

9. அவர்களில் ஒருவர் பெர்னாபே ஒல்மெதோ. சண்டைக்கு முன்பே அவரை எனக்குத் தெரியும். கரையில் மீனுக்கு இரும்பாணி கொடுப்பார். எங்களோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுப் பல்லெல்லாம் சிவப்பாக இருப்பார். தைமாங்லோ என்ற என் பெயருக்கு எங்கள் மொழியில் காற்றில்லாதவன் என்று பொருள் என்று தெரிந்த நாளிலிருந்து, “ஒன்னைப் படகுல ஏத்துனா பாய் எப்பிடிடா விரியும்? துடுப்புதான் போடணும்” என்று கேலி செய்வார். கெட்ட மனிதர் அல்ல. இதைத் தங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

10. அன்று அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். இறந்தவர் மண்டையோட்டை வீட்டில் கூடையில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம், அம்மாவின் தலையும் அப்படிக் கூடையில் இருந்தது. அவர் அதைக் காலால் ஒதுக்கினார். எங்கள் வீடு மேட்டின் விளிம்பில் இருந்தது, இடம் குறுகல். கூடை பாறையில் உருண்டு கடலில் விழுந்தது. வேண்டுமென்றே தள்ளினாரா, வழியில் கிடந்தது என்று தள்ளினாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதிரே இருந்தது ஈட்டி. அதை எடுத்து எறிந்தேன். அம்மாவின் தலை கடலில் விழுந்ததற்கும் அம்மாவின் கால் அவர் விலாவில் இறங்கியதற்கும் நடுவே ஒரு மூச்சுகூட இல்லை.

11. மனித எலும்பில் செய்த முனை இரும்பு முனையைப் போல அல்ல, உள்ளே போனதும் ஒடியும். ஒடிந்தது. காம்பு என் வாசலில் விழுந்தது. முனை அவருக்குள் தங்கிவிட்டது. அன்று பல பேர் பல ஈட்டி எறிந்தார்கள். ஆகவே எறிந்தது யார் என்று தங்கள் தரப்பில் யாரும் பார்க்கவில்லை. என் அக்கா பார்த்தார்.

12. மதியத்துக்குள் எல்லாம் முடிந்து, மிஞ்சிய எங்களைக் கட்டிக் கீழே இறக்கினார்கள். காயம்பட்டவர்களைச் சுமக்க எங்களில் சிலரையே கட்டவிழ்த்துப் பிடித்தார்கள். பெர்னாபேயைத் தூளியில் போட்டு முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். பாதி வழியில் அவர் கண் திறந்து, “யாரு, காத்தில்லாதவனா? மெல்லப் போடா, குலுக்காத. வெத்தலை இருக்கா?” என்றார். இடுப்பில் இருந்ததை மடித்துக் கொடுத்தேன். மென்றார். கரையில் இதே காஸ்பர் அவர்கள் காயத்தில் விரல் விட்டுப் பார்த்து, “முள்ளு வச்ச எலும்பு. ஒரு சாண் உள்ள இருக்கு. இழுத்தாலும் சாவான், இழுக்காட்டியும் சாவான். விட்டுருங்க, நிம்மதியாப் போகட்டும்” என்றார். நான் தூளிக்கம்பைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். அந்த முனை வெளியே எடுக்கப்படவில்லை என்பதற்கு அவரே சாட்சி. ஞாபகமில்லை என்று அவர் சொன்னால், தயவுசெய்து இன்னொரு முறை கேட்கவும்.

13. இரண்டாம் நாள் பெர்னாபே இறந்தார். யார் எறிந்தது என்று விசாரணை நடந்தது. எங்கள் வீட்டு வாசலில் விழுந்தார் என்பதால் அக்காவின் கணவர் சார்குவாவை நிறுத்திக் கேட்டார்கள். அவர் எறியவில்லை, அவர் அப்போது கிழக்குப் பாதையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். சார்குவா, “ஆமா, நாந்தான் எறிஞ்சேன். கேட்டாச்சுல்ல, ஆகவேண்டியதைப் பாருங்க” என்றார். மணிக்கம்பத்துக்குப் பக்கத்திலிருந்த மரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு அப்போது இரண்டு மகள்கள். எங்கள் முறையில் கணவன் வெளி வீட்டிலிருந்து வந்தவன், தம்பி வீட்டுக்குள் பிறந்தவன். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் எங்கள் பெண்கள் தம்பியைத்தான் வைத்துக்கொள்வார்கள். அக்கா அப்படிச் செய்தார். அதைப் பற்றி இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. தினமும் அவர் கையால்தான் சாப்பிட்டேன்.

இது முடிந்த வழக்கு. முடிந்த வழக்கைத் திறப்பது அலுவலகத்துக்குத் தொல்லை என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

14. பெர்னாபேக்குக் குழி தோண்டியதும் நான்தான். குழி தோண்டத் தெரிந்தவன் என்று அன்றைக்குப் பெயர் வந்தது, அதிலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். மணிக்கம்பத்திலிருந்து கிழக்கே மூன்றாவது கல்லறை. சிலுவையில் வேதசாட்சி என்று வெட்டியிருக்கிறது. அந்த மண் மந்திரிக்கப்பட்ட மண், தீர்த்தம் தெளித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவரைக் கீழே இறக்கியபோது என் அம்மாவையும் சேர்த்துத்தான் இறக்கினேன். அழவில்லை. அழுகை அன்றைக்கும் வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை. கை மரத்துப்போனால் சூடு தெரியாதே, அப்படி இருக்கிறது.

15. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் சாமியார் எங்கள் எல்லாரையும் அந்தக் கல்லறையைச் சுற்றி முழங்காலிடச் செய்கிறார். ஆச்சோ மேட்டுச் சனங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. வெயில் மழை பாராமல் நாங்கள் முழங்காலிடுகிறோம். அக்கா தினமும் அங்கே எண்ணெய் விளக்கு வைப்பார். சாமியார் பிரசங்கத்தில் அவரைக் காட்டி, “பாருங்கள் இந்தப் பெண்ணை! புருஷன் செய்த பாவத்துக்கு இவள் எவ்வளவு மனம் வருந்துகிறாள்!” என்று மெச்சினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரித்தாரா என்று எனக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை.

16. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்படலாம். கள் குடித்தது, பூசைக்குப் பிந்தியது, கோபப்பட்டது எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஈட்டி எறிந்தது பாவமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, ஆகையால் சொல்லவில்லை. சார்குவாவைப் போகவிட்டது பாவம், அது நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டிவரும்.

17. அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் அவர் மகள் சிசிலியாவிடம் போன வாரம் அக்கா ஒரு சேதி சொல்லி அனுப்பினார். “மாமன்கிட்டச் சொல்லு, வாயைத் தொறக்கக் கூடாதுன்னு. அம்மா நல்ல எடத்துல இருக்கா, தெனமும் பூசை கேக்குறா. எவனும் அவளைத் தோண்டக் கூடாது. எனக்குக் கடல் ஒண்ணும் புதுசு இல்ல.” எங்கள் வீட்டில் அக்கா சொல்லைத் தட்டுவது கிடையாது. ஐம்பது வயதில் முதல் முறையாகத் தட்டுகிறேன். ஒருமுறை என் இடத்துக்கு இன்னொருவரை அனுப்பியாயிற்று. இரண்டாம் முறையும் அனுப்பிவிட்டு மாலையில் மணியடிக்க என்னால் ஆகாது.

18. ஆகவே தங்கள் முன் வைப்பது இதுதான். எங்கள் வீட்டில் எலும்பு எதுவும் மறைக்கப்படவில்லை. முன்னோர் எலும்புகள் யாவும் கோயில் தோட்டத்து மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று தங்கள் உத்தரவு சொல்கிறது. அந்த உத்தரவு வந்தது இந்த ஆகஸ்டில். அம்மாவின் கணைக்கால் அதே மண்ணுக்குள் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒரு எலும்பைப் பொறுத்தமட்டில், தாங்கள் சொல்வதற்கு முன்பே எங்கள் வீடு கீழ்ப்படிந்துவிட்டது.

19. கல்லறையைத் தோண்டிப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேதசாட்சியின் கல்லறையில் இப்படியொன்று வெளிப்படுவது சாமியாருக்குச் சங்கடம், பெர்னாபேக்கும் தொந்தரவு. இவ்வளவு காலத்தில் இருவரில் எது யாருடைய எலும்பு என்று பிரிப்பதும் கடினம். காஸ்பர் அவர்களின் வாக்குமூலமும் இத்துடன் வைத்திருக்கும் காம்பும் போதும். மீறியும் தோண்டத்தான் வேண்டுமென்றால் என்னைக் கொண்டு தோண்டவும். எந்த ஆழத்தில் மண் இளகும் என்று எனக்குத் தெரியும், மண்வெட்டி படாமல் எடுப்பேன்.

20. அக்காவை விடுவித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டுகிறேன். அவர் குற்றம் ஒன்றுமில்லை, பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். பாயில் சுற்றியபடி கோயில் கிடங்கில் கிடக்கும் அம்மாவின் மற்ற எலும்புகளை அந்த மூன்றாவது கல்லறைக்குப் பக்கத்தில் வைக்க அனுமதி தர வேண்டுகிறேன். பக்கத்தில் இடம் இருக்கிறது. பெர்னாபேயின் மரணத்துக்குரிய தண்டனையைப் பொறுத்தவரை, பெயர் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. சார்குவா என்று இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதித் திருத்தவும். அவர் மகள்கள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள், அந்தத் தாளை யாராவது ஒருநாள் அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

21. மணிக்கயிறு மேல்பக்கம் இற்றுப்போயிருக்கிறது. இது மனுவின் பொருள் அல்ல. என் இடத்துக்கு வருபவரிடம் சொல்லிவைக்கவும், பலமாக இழுத்தால் அறுந்து தலையில் விழும்.

இம்மனுவைத் தாங்கள் வாசித்து முடிக்கும்வரை கோட்டை வாசலில் நிற்கிறேன். அக்கா வெளியே வருவதைப் பார்த்த பிறகு உள்ளே அழைத்தால் நல்லது. முன்பே அழைத்தாலும் வருகிறேன்.

இடம்: சாகுவா
நாள்: 1696 அக்டோபர் 26

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பாஸ்குவால் தைமாங்லோ
(தாய் மாஸ்காவின் மகன், உர்சுலா நாபுத்தியின் தம்பி)

இணைப்பு: ஈட்டிக் காம்பு ஒன்று. மேட்டிலிருந்து தூளி சுமந்து இறங்கிய அன்று மறு கையில் இதை ஊன்றுகோலாகக் கொண்டுவந்தேன். ஆயுதங்களை ஒப்படைத்தபோது இது வெறும் கம்புதானே என்று சாமியார் திருப்பித் தந்துவிட்டார். அன்றுமுதல் கோயிலில் விளக்கேற்றும் கோலாக இருந்து வருகிறது. நுனியில் திரி கட்டிய துணியை அவிழ்த்தால் எலும்பு செருகிய பள்ளம் தெரியும். கோலை நான் திரும்பக் கேட்கவில்லை. இன்று மாலை விளக்கேற்றுவதற்கு வேறு கோல் வெட்டி, திரி சுற்றி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.